செய்முறை நோட்டு மாதிரி ஒரு டைரி

புது வருஷ டைரிகளின் ஆயுள் பெரும்பாலும் பொங்கல் வரைக்கும்தான். ஜனவரி ஒன்றாம் தேதிப் பக்கம் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். நாலாம் தேதிக்கு ஐந்து வரி, ஏழாம் தேதிக்கு ஒரு வரி, மாட்டுப் பொங்கலுக்குப் பிறகு வெறும் தாள். மார்ச் மாதத்தில் அது பால் கணக்கு எழுதும் நோட்டாகிவிடும். சோம்பேறித்தனம் என்று இதை முடித்துவிடுவது சுலபம். எழுதியவருக்கு எழுதியதால் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை, அதனால் கை தானாக நின்றுபோகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே வீட்டுப் பீரோவில் இன்னொரு நோட்டு இருக்கும். மதுரையைச் சுற்றி உசிலம்பட்டி, செக்கானூரணி, மேலூர்ப் பக்கம் அது இல்லாத வீடு அபூர்வம். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்த செய்முறையை, அதாவது மொய்யை, எழுதி வைக்கும் நோட்டு. அதில் எவரும் ‘நிறையப் பேர் வந்தார்கள், சந்தோஷமாக இருந்தது’ என்று எழுதி வைப்பதில்லை. ஊர், பெயர், தகப்பன் பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். வெறும் பாண்டி என்று எழுதினால் எந்தப் பாண்டி என்று பத்து வருஷம் கழித்து யாருக்கும் தெரியாது. அதனால் ‘கருமாத்தூர், பெரியகருப்பன் மகன் பாண்டி, 1001’. இப்போது மண்டபத்திலேயே கம்ப்யூட்டர் வைத்து மொய் எழுதி ரசீது கொடுக்கிறார்கள், ஆனால் கேட்பது அதே நாலு விஷயத்தைத்தான். அந்த நோட்டைப் பின்னால் புரட்டப்போகிற ஆளுக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது என்று எழுதுகிறவருக்குத் தெரியும். டைரிக்கும் இதே புத்திதான் வேண்டும். அதைப் படிக்கப்போவது நீங்கள்தான். அதற்குள் எல்லாம் மறந்துபோயிருப்பீர்கள்.

ஒரு பதிவைப் பாருங்கள்.

‘இன்று ரொம்ப வெயில். வேலையில் டென்ஷன். சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். மனசு லேசாக இருந்தது.’

மதுரையில் மே மாதம் எந்த நாளைக்கும் இது பொருந்தும். இருபது நாள் இப்படி எழுதிவிட்டுத் திரும்பிப் படித்தால் இருபதும் ஒன்றுபோல இருக்கும். அலுத்துப்போவதில் ஆச்சரியமில்லை. அதே நாளை இப்படி எழுதலாம்:

‘வியாழன், வைகாசி 8. மூன்று மணிக்குப் போன கரண்ட் ஐந்தரைக்கு வந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஷிஃப்ட் மாறும் என்று மேனேஜர் வாயால் சொன்னார், எழுத்தில் தரவில்லை. சித்தியோடு தெப்பக்குளம் மாரியம்மன் கோயில். குளத்தில் தண்ணீர் மூன்றாம் படிக்குக் கீழே. சித்திக்கு வலது முழங்கால் வலி. படி ஏறும்போது மட்டும், நடக்கும்போது இல்லை. இரண்டு ஜிகர்தண்டா 100 ரூபாய்.’

எழுத மூன்று நிமிஷம்கூட ஆகாது. ஆனால் இதில் நாலு விஷயம் பின்னால் வேலைக்கு வரும். ஷிஃப்ட் விஷயத்தில் பேச்சு மாறினால், சொன்ன தேதி கையில் இருக்கிறது. சித்தியை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி ‘எப்போதிலிருந்து?’ இரண்டாவது, ‘எப்போது வலிக்கிறது?’ இரண்டுக்கும் பதில் எழுதியாகிவிட்டது. ஜிகர்தண்டா விலை இப்போது அற்பம். பதினைந்து வருஷம் போனால் அந்தப் பக்கத்திலேயே சுவாரஸ்யமான வரி அதுவாகத்தான் இருக்கும்.

தமிழில் டைரி என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருவார். 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் காலம் வரை புதுச்சேரியில் எழுதினார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்து வியாபாரம் பேசும் ஆளாக இருந்தவர். இன்றைக்கும் அதை ஆராய்ச்சிக்காரர்கள் விடாமல் படிக்கக் காரணம், அவர் சரக்கைச் சரக்காகவே எழுதி வைத்தார் என்பதுதான். எந்தக் கப்பல் எப்போது வந்தது, அதில் என்ன இருந்தது, யார் யாரைப் பார்க்க வந்தார், என்ன பேசினார்கள் என்று இருக்கும். துய்ப்ளேயின் மனைவி மேல் அவருக்கு இருந்த எரிச்சலும் மறைக்காமல் இருக்கும். அபிப்பிராயம் எழுதக் கூடாது என்று இல்லை. நடந்ததை எழுதிவிட்டு அதன் மேல் அபிப்பிராயத்தை வைத்தால் அது நிற்கும்.

ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தியை எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். அதைப் பத்திரிகை பார்த்துக்கொள்ளும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி அரையாடைக்கு மாறினார் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அன்றைக்கு அந்த வீதியில் நாலு முழ வேட்டி என்ன விலைக்குப் போனது என்பதை, அங்கே குடியிருந்த யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

இனி நோட்டு. தேதி அச்சடித்த டைரியை வாங்காதீர்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். டிசம்பரில் கடைக்குக் கடை இலவச டைரி வேறு கிடைக்கும். அழகாக இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்ற கணக்கு ஆளைக் கொல்லும். ஒன்றும் நடக்காத நாளில் வெற்றுப் பக்கம் முறைத்துப் பார்க்கும். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று வரும் நாளில் இடம் போதாது. நாலு நாள் விட்டுப்போனால் நாலு வெள்ளைப் பக்கம் குற்றவாளிக் கூண்டில் நிற்கவைக்கும்.

கோடு போட்ட 192 பக்க லாங் சைஸ் நோட்டு போதும். சராசரியாக நாளுக்கு அரைப் பக்கம் என்றால் வருஷத்துக்கு 183 பக்கம். மிச்சம் ஒன்பது பக்கம் அட்டவணைக்கு. மதுரையில் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலோ, உங்கள் தெருமுனைக் கடையிலோ வாங்கலாம். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நடுப்பக்கத்தைத் திறந்தால் நூல் தையல் தெரிய வேண்டும். முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டிய நோட்டு, இந்த ஊர் வெயிலில் பசை காய்ந்து நாலைந்து வருஷத்தில் தாள் தாளாகக் கழன்று வரும். ஸ்டேப்பிள் பின் அடித்தது ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துருப்பிடித்து, துரு தாளில் இறங்கும். அடுத்தது தாளின் கனம். அதை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று சொல்வார்கள். பள்ளிக்கூட நோட்டுத் தாள் பெரும்பாலும் 60 ஜிஎஸ்எம்-க்குள் இருக்கும், பால்பாயிண்டுக்குப் போதும். மை பேனாவில் எழுதுகிறவர்கள் 80 ஜிஎஸ்எம் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மறுபக்கத்துக்கு மை ஊறி ஒரு பக்கம்தான் எழுத முடியும். பாதி நோட்டு வீண்.

பேனா விஷயத்தில் ஆசைக்கும் ஆயுளுக்கும் சண்டை. ஜெல் பேனாவில் எழுதுவது சுகம், ஆனால் பல ஜெல் பேனாக்களின் மை நீரில் கரையும். ஓட்டைக் கூரை, சிந்திய தண்ணீர் சொம்பு, எதுவானாலும் பக்கம் நீலக் குளமாகிவிடும். எழுதிய உடனே மூடினால் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டும். மை பேனாவில் போடும் ராயல் ப்ளூவும் அப்படித்தான், துணியில் பட்டால் துவைத்து எடுக்க முடிகிற மை அது. சாதாரண பால்பாயிண்ட் எண்ணெய் மை. தண்ணீருக்குத் தாங்கும், வெயில் பட்டால் மங்கும். மூடிய நோட்டுக்குள் வெயில் ஏது, ஆகவே என் ஓட்டு பால்பாயிண்டுக்கு. சந்தேகம் இருந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, மறுநாள் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பென்சில் எழுத்து மங்கவும் மங்காது, கரையவும் கரையாது; உரசினால்தான் அழியும்.

பஸ் டிக்கெட்டையும் ஏடிஎம் சீட்டையும் ஒட்டி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒட்டுங்கள், ஆனால் பக்கத்திலேயே கையால் தொகையையும் தேதியையும் எழுதிவிடுங்கள். அவை சூட்டில் கறுக்கிற ரசாயனம் பூசிய தாள். இரண்டு மூன்று கோடையில் எழுத்து காணாமல்போய்விடும். செலோடேப் பழுப்பேறி, பசை கசிந்து, கடைசியில் டேப் உதிர்ந்து கறை மட்டும் மிஞ்சும். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. கடையில் விற்கும் பசைக் குச்சி பரவாயில்லை.

எப்போது எழுதுவது? படுக்கையில் சாய்ந்துகொண்டு எழுதலாம் என்று நினைத்தால் நடக்காது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டுங்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, தட்டு கழுவி, பாய் விரிப்பதற்கு முன்னால் பத்து நிமிஷம். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்குக் காலை டீயோடு முந்தின நாள். நோட்டும் பேனாவும் ஒரே இடத்தில், பேனா நோட்டுக்குள்ளேயே செருகி இருக்க வேண்டும். பேனாவைத் தேடி எழுந்த பாதிப் பேர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் மாதம் ஐந்து வரிக்கு மேல் எழுதாதீர்கள், கை துறுதுறுத்தாலும் நிறுத்திவிடுங்கள்.

விட்டுப்போன நாளைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி. இரண்டு நாள் வரைக்கும் நிரப்பலாம். அதற்கு மேல் போனால் நிரப்பாதீர்கள். ‘12 முதல் 19 வரை எழுதவில்லை’ என்று ஒரு வரி போட்டு இன்றைக்கு வாருங்கள். ஒரு வாரத்தை உட்கார்ந்து நினைத்து நினைத்து எழுதினால் செவ்வாய் நடந்தது வெள்ளிக்குப் போய்விடும், பிறகு அந்த நோட்டில் எந்தத் தேதியையும் நம்ப முடியாது. பின்னால் எழுதியது எதுவானாலும் எழுதிய தேதியையும் சேர்த்துப் போடுங்கள். தவறை ஒயிட்னரால் மறைக்க வேண்டாம், ஒரே கோடாக அடித்துவிட்டு மேலே எழுதுங்கள். பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம்; நூல் தையல் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் தளர்ந்துவிடும்.

இந்தக் கண்டிப்புக்குச் சட்டத்திலும் ஒரு பயன் இருக்கிறது. சாட்சி சொல்கிறவர், சம்பவம் நடந்தபோதோ, அது ஞாபகத்தில் பசுமையாக இருந்தபோதோ தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று 1872ஆம் வருஷ இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 159ஆம் பிரிவு அனுமதித்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் அந்த வசதி தொடர்கிறது. டைரியில் இருக்கிறது என்பதாலேயே எதுவும் நிரூபணமாகிவிடாது. எதிர்த்தரப்பும் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிக் குறுக்கு விசாரணை செய்யலாம். வரப்புத் தகராறு, வாடகை அட்வான்ஸ், கைமாற்றுக் கடன் போன்றவற்றில் யார் முன்னிலையில், எந்தத் தேதியில், எவ்வளவு என்பது அன்றைக்கே எழுதப்பட்டிருந்தால்தான் பேச்சு எடுபடும்.

உடம்புக் குறிப்புக்குப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சர்க்கரை அளவை 168 என்று மட்டும் எழுதினால் டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். வெறும் வயிறா, சாப்பிட்டு இரண்டு மணி நேரமா, முந்தின ராத்திரி என்ன சாப்பாடு, மாத்திரை போட்டதா என்பது வேண்டும். பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். மாத்திரையின் பெயரோடு மில்லிகிராமும் அவசியம். அதே பெயரில் இரண்டு அளவு விற்கும்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் டைரியை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மல்லிகைக்காரர் தினமும் எழுத வேண்டியவை: பறித்த எடை, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிடைத்த விலை, கமிஷன், பறிப்புக் கூலி, முகூர்த்த நாளா இல்லையா. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட தேதி. மொக்குப் புழு முதலில் கண்ணில் பட்ட நாள், அடித்த மருந்து, டேங்குக்கு எத்தனை மில்லி. மூன்று வருஷம் இப்படி இருந்தால் எந்த வாரம் விலை ஏறுகிறது, நமது கவாத்துத் தேதி முந்துகிறதா பிந்துகிறதா என்று தானாகத் தெரியும். தமிழ்த் தேதியையும் சேர்த்து எழுதுங்கள், முகூர்த்தமும் பனியும் அந்தக் கணக்கில்தான் பேசப்படுகின்றன.

மழையை ‘நல்ல மழை’ என்று எழுதாதீர்கள். அடி தட்டையான, பக்கம் நேராக நிற்கிற பாத்திரம் ஒன்றை மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். காலை எட்டரைக்கு ஸ்கேலை நிறுத்தி மில்லிமீட்டரில் அளந்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையின் இருபத்துநாலு மணி நேரக் கணக்கும் காலை எட்டரைக்கு எட்டரைதான், ஆகவே பத்திரிகையில் வரும் அளவோடு ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தில் சுமார் நாற்பது லிட்டர். பெரியாறு, வைகைப் பாசனக்காரர்கள் அன்றைய அணை மட்டத்தையும் பக்கத்தில் போட்டு வைப்பது நல்லது. வைகையின் முழு மட்டம் 71 அடி.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. மனசில் கிடக்கிறதை எழுதுவது வேறு வேலை, அதற்கு வேறு முறை வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் சம்பவத்தையும் அதன் மேல் இருந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் சில இடத்தில் தெரிந்தது, சில இடத்தில் தெரியவில்லை. மருந்து என்று இதை விற்கிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் முறையைக் கடன் வாங்கலாம்.

தனியாகத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிஷம் அலாரம் வையுங்கள். எழுத்துப் பிழை, வாக்கிய அழகு பார்க்காமல், கையை எடுக்காமல் எழுதுங்கள். நாலு நாள் ஆனதும் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதுதான் முக்கியம். ‘அவன் இப்படிச் சொன்னான், அவள் இப்படிச் செய்தாள்’ என்று ஒரே காயத்தை மூன்று மாதம் எழுதிக்கொண்டிருந்தால் அது ஆறுவதில்லை, எழுதி எழுதி மனப்பாடம்தான் ஆகும். இரண்டாம் நாள் எழுத்தும் முதல் நாள் எழுத்தும் ஒரே மாதிரி இருந்தால் ‘ஏன்’, ‘அதனால்’ என்ற இரண்டு சொல்லை வலிந்து கொண்டுவாருங்கள். நாளுக்கு நாள் காரணம் சொல்கிற சொற்களும் புரிந்துகொண்ட சொற்களும் கூடியவர்களுக்குத்தான் பலன் அதிகம் இருந்தது என்று பென்னிபேக்கரே பிற்பாடு கவனித்தார். துக்கம் நடந்து சில நாளே ஆனவர்கள் இதைத் தொட வேண்டாம். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் அந்த விஷயத்தை விட்டு வேறு எழுதுங்கள். தூக்கமே வராத அளவுக்குப் போனால் டாக்டரைப் பாருங்கள்.

இந்தத் தாள்களைத் தினசரி நோட்டுக்குள் வைக்காதீர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கூட்டுக் குடும்பத்தில் டைரி என்று ஒன்று இருந்தால் யாராவது படிப்பார்கள். படிக்க மாட்டார்கள் என்று நம்பி எழுதி, பிறகு அந்த ஒரு வரியால் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோன வீடுகள் உண்டு. தினசரி நோட்டு யார் கையில் கிடைத்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இருக்கட்டும். நாலு நாள் தாளை எழுதி முடித்ததும் எரித்துவிட்டாலும் நஷ்டமில்லை, அதன் பலன் எழுதியதோடு முடிந்தது. தொகைகளை மட்டும் மறைக்க வேண்டும் என்றால் தமிழ் எண்களில் எழுதலாம். ௧௨௫௦௦ என்று இருந்தால் சட்டென்று வாசிக்கிறவர்கள் வீட்டில் அதிகம் இருக்க மாட்டார்கள். சௌராஷ்டிர எழுத்து தெரிந்த மதுரைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பூட்டே கையில் இருக்கிறது.

போனில் எழுதலாமா? தாராளமாக. தேடுவதில் நோட்டு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. முழங்கால் என்று தட்டினால் எல்லாம் வந்துவிடும். தமிழில் வாயால் சொல்லி எழுதவைக்கவும் முடிகிறது, ஊர்ப் பெயரை மட்டும் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஏதோ ஒரு ஆப்புக்குள் ஐந்து வருஷத்தைப் பூட்டிவிட்டு, ஆப் நின்றுபோனால் போச்சு. மாதம் ஒரு தடவை சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். நோட்டில் எழுதுகிறவர்கள் மாதக் கடைசியில் பக்கங்களை வரிசையாகப் போட்டோ எடுத்து, வருஷம், மாதம் என்று பெயரிட்டு வேறு ஓர் இடத்தில் வைக்கலாம்.

அந்த மாதக் கடைசி நாளிலேயே ஒன்பது பக்க அட்டவணையையும் நிரப்புங்கள். பக்கங்களுக்கு எண் போட்டிருக்க வேண்டும். ‘சித்தி முழங்கால் 61, 74, 80. ஷிஃப்ட் 61, 66. இன்வெர்ட்டர் பேட்டரி 70.’ மாதத்துக்கு எட்டுப் பத்து வரி வந்தால் அதிகம். இதைச் செய்யாத நோட்டு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் பயன்படாது, ஏனென்றால் அவசரத்துக்கு யாரும் 192 பக்கம் படிக்க மாட்டார்கள்.

நிரம்பிய நோட்டின் முதுகில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எழுதி இரும்புப் பீரோவில் வையுங்கள். பரணில் வேண்டாம், கான்கிரீட்டுக்கு அடியில் சித்திரைச் சூடு தாளை அப்பளமாக்கும். வேப்பிலை போடுகிறவர்கள் நிழலில் நன்றாகக் காயவைத்துத் துணியில் முடிந்து போடுங்கள், பச்சை இலையைப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் ஈரம் இறங்கிக் கறையாகும். அந்துருண்டை இராமபாணப் பூச்சிக்கு ஓரளவு சரி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். கரையானுக்கு இரண்டும் போதாது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் துடைக்கும்போது பீரோவின் காலிலும் பின்சுவரிலும் மண் கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுரண்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அது வேறு பக்கம் ஏறி வரும். நோட்டுகளை அன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிவிட்டு மருந்தடிக்கிறவரைக் கூப்பிடுங்கள்.